படகு நூடுல்ஸ்: தாய்லாந்தின் சின்னக் கிண்ணமும் கறுப்பு சூப்பும்

பாங்காக்கில் படகு நூடுல்ஸ் கடை ஒன்றில் முதன்முறையாக உட்காருகிறவருக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். கிண்ணம் ஏன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியதாக இருக்கிறது? சூப் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது? பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தால் மூன்றாவது சந்தேகமும் வரும். அங்கே ஒரே ஆளின் எதிரில் எட்டுப் பத்துக் காலிக் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவர் அடுத்த கிண்ணத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் விடை படகு. இரண்டாவதற்கு விடை இரத்தம். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் இந்த உணவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

தாய்லாந்து மொழியில் இதன் பெயர் குவாய்தியாவ் ருவா. 'ருவா' என்றால் படகு. 'குவாய்தியாவ்' என்பது தென்சீனாவின் தியோச்சோவ் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த அரிசி நூடுல்ஸ். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் வாணலியில் வறுத்துச் சாப்பிடும் குவே தியாவும் இதே வம்சம்தான். அங்கே அது வாணலிக்குப் போயிற்று, பாங்காக்கில் படகேறியது. பன்றி அல்லது மாட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு, அதில் பட்டையும் அன்னாசிப்பூவும், கறுப்பு சோயா சாஸ், கடைசியில் சேர்க்கும் இரத்தம், ஒரு பிடி நூடுல்ஸ், நாலைந்து துண்டு இறைச்சி. பொருள்பட்டியல் இவ்வளவுதான்.

இனி படகின் கதை. பாங்காக் 1782இல் தலைநகரானது. சாவோ பிரயா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல், கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் எழுந்த ஊர் அது. அப்படிப்பட்ட இடத்தில் சாலை போடுவதைவிடக் கால்வாய் வெட்டுவது எளிது. ஆகவே வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்கள். நகரைக் காக்க ஒன்று, சரக்கு ஏற்ற ஒன்று, வயலுக்கு நீர் பாய்ச்ச ஒன்று. மேலைநாட்டுப் பாணியில் அமைந்த முதல் பெரிய சாலையான சாரோன் குருங் 1860களில்தான் போடப்பட்டது. அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கால்வாய்தான் தெரு. வீட்டு வாசல் தண்ணீரைப் பார்த்து இருக்கும். காய்கறியும் அரிசியும் கரியும் படகில் வரும். சாப்பாடும் அப்படித்தான் வந்தது.

நூடுல்ஸ் படகில் பெரும்பாலும் ஒரே ஆள். கைக்கெட்டும் தூரத்தில் கரியடுப்பு, அதன்மேல் கொதிக்கும் பானை. பக்கத்தில் நூடுல்ஸ், இறைச்சி, கீரை, சாஸ் புட்டிகள், கிண்ண அடுக்கு. அவரே துடுப்புப் போட வேண்டும், அவரே நூடுல்ஸை வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும், அவரே காசு வாங்கி மீதி கொடுக்க வேண்டும், காலிக் கிண்ணத்தைத் திரும்பப் பெற்றுக் கழுவவும் வேண்டும். இத்தனைக்கும் நடுவில், ஆடும் படகிலிருந்து, படித்துறையில் குந்தியிருக்கும் வாடிக்கையாளரிடம் கொதிக்கும் சூப்பை நீட்ட வேண்டும். பெரிய கிண்ணம் நிறைய ஊற்றி நீட்டினால் பாதி கால்வாய்க்குப் போகும், மீதி யாருடைய கையிலாவது கொட்டும். எனவே சின்னக் கிண்ணம். இரண்டு மூன்று வாயில் தீர்ந்துவிடும் அளவு. பசி தீரவில்லை என்றால் இன்னொன்று.

அளவு சிறியதானதும் மற்ற விஷயங்களும் அதற்கேற்ப மாறின. நாலே வாய் சாப்பிடும் உணவில் சுவை மெல்ல மெல்லத் தலைகாட்ட நேரமில்லை. முதல் கரண்டியிலேயே புளிப்பு, உப்பு, இனிப்பு, காரம் எல்லாம் வந்து சேர வேண்டும். வியட்நாமின் ஃபோ சூப்பைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். ஃபோ பெரிய கிண்ணத்தில் தெளிந்த சாறாக வரும், நிதானமாகக் குடிக்கலாம். படகு நூடுல்ஸ் அப்படியல்ல. இதையே பெரிய கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தால் பாதியிலேயே திகட்டிவிடும் என்பது என் எண்ணம். சுற்றுலாப் பயணிகளுக்காகச் சில இடங்களில் அப்படிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள், திகட்டத்தான் செய்கிறது.

படகு நூடுல்ஸ் என்றதும் தாய்லாந்துக்காரர்கள் சொல்லும் ஊர்களில் ஒன்று ரங்சித். பாங்காக்குக்கு வடக்கே, பத்தும் தானி மாகாணத்தில், சுலாலங்கொர்ன் மன்னர் காலத்தில், 1890களில் அங்கே பெரிய கால்வாய் வெட்டப்பட்டது. காடும் புல்லுமாகக் கிடந்த நிலம் நெல்வயலானது, மக்கள் குடியேறினார்கள், அவர்களுக்குச் சாப்பாடு விற்கப் படகுகள் வந்தன. இன்றும் பல கடைகள், படகு எதுவும் இல்லாவிட்டாலும், ரங்சித் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்கின்றன. பழைய தலைநகரான அயுத்தயாவும் இதே பெருமையைக் கொண்டாடும் ஊர்தான்.

இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. படகு நூடுல்ஸைக் கண்டுபிடித்தவர் உலகப் போர்க் காலத்தில் தாய்லாந்தின் பிரதமராக இருந்த பிளேக் பிபூன்சொங்க்ராம் என்று அது சொல்லும். அது சரியல்ல. சீனக் குடியேறிகள் அதற்கு முன்பே நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் கதைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. 1942இல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதே ஆண்டில் பாங்காக்கைப் பெரும் வெள்ளமும் சூழ்ந்தது. பொருளாதாரம் படுத்துவிட்டது. அப்போது பிபூன், மக்கள் எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் போட்ட கணக்கு சுவையானது: நாட்டில் ஒரு கோடியே எண்பது லட்சம் பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம், கிண்ணம் ஐந்து சத்தாங் (நூறு சத்தாங் ஒரு பாட்). நாளொன்றுக்கு ஒன்பது லட்சம் பாட் கைமாறும். அந்தப் பணம் நெல் விளைவிப்பவர், முளைப்பயறு வளர்ப்பவர், பன்றி வளர்ப்பவர், சூப் விற்பவர் என்று சுற்றிவரும். அரசு அலுவலகங்கள், பள்ளிகள் வழியாகவும் நூடுல்ஸ் விற்பனை ஊக்குவிக்கப்பட்டது. தாய்லாந்தின் இன்னொரு புகழ்பெற்ற நூடுல்ஸான பாட் தாயின் பெயரும் இதே காலத்தோடுதான் இணைத்துப் பேசப்படுகிறது. ஆகவே, கண்டுபிடித்தவர் பிபூன் அல்லர்; சீனர் கடைப் பண்டமாக இருந்த ஒன்றை நாட்டு உணவாக்கியதில் அவருடைய அரசுக்குப் பங்குண்டு என்று சொன்னால் பொருந்தும்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காட்சி மாறியது. மோட்டார் வாகனங்கள் பெருகின; கால்வாய்கள் பலவற்றை மூடிச் சாலையாக்கினார்கள். வாடிக்கையாளர் சாலைக்குப் போய்விட்டார். படகுக்காரரும் பின்னாலேயே போனார். பாங்காக்கின் வெற்றி நினைவுச்சின்னம், பஸ்கள் வந்து குவியும் பெரிய சந்திப்பு, அப்படிக் கரையேறியவர்களுக்குப் புதிய துறையாயிற்று. இன்றும் அதன் அருகே ஒரு கால்வாய் ஓரமாகப் படகு நூடுல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தரையில் கால் ஊன்றிவிட்ட பிறகு பெரிய கிண்ணத்துக்கு மாறியிருக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மாறவில்லை. சின்னக் கிண்ணம் வியாபாரத்துக்கும் நல்லது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு கிண்ணத்தின் விலை இருபது பாட்டைச் சுற்றி இருக்கும்போது யாரும் யோசித்துச் சாப்பிடுவதில்லை. எழும்போது அடுக்கை எண்ணிக் காசு வாங்குகிறார்கள். ஒரே மூச்சில் இத்தனை கிண்ணம் முடித்தால் குளிர்பானம் இலவசம் என்று ஆசை காட்டும் கடைகளும் உண்டு. நண்பர்கள் கூட்டமாக வந்து போட்டி போடுவதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது

சூப்பின் நிறத்துக்குக் கறுப்பு சோயா சாஸ் ஓரளவு காரணம். மீதி, முக்கியமான மீதி, இரத்தம். பன்றி நூடுல்ஸுக்குப் பன்றி இரத்தம், மாட்டு நூடுல்ஸுக்கு மாட்டு இரத்தம். இரத்தம் சேர்த்த இந்த வகைக்கு நாம்தோக் என்று பெயர். கடையில் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. ஆனால் அங்கே இரத்தத்தை உறையவிட்டு, உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்குகிறோம். இரத்தம்தான் அங்கே பண்டம். இங்கே அது தனியாகக் கண்ணில் படாது. சூப்போடு கலந்து, சூப்பாகவே ஆகிவிடும். அதற்கு இரத்தம் உறையக்கூடாது, அல்லது உறைந்தது உடைய வேண்டும். எனவே புதிய இரத்தத்தில் எலுமிச்சைப்புல் தண்டுகளைப் போட்டுக் கையால் நன்றாகப் பிசைகிறார்கள். கட்டிகள் உடைகின்றன, வாடையும் குறைகிறது. பிறகு வடிகட்டி உப்புச் சேர்க்கிறார்கள். சில கைகள் ரம்பை இலையையும் சேர்த்துப் பிசையும்.

இந்த இரத்தத்தில் ஒன்றிரண்டு கரண்டியை எடுத்துக் கொதிக்கும் சாற்றோடு கலக்கும்போது இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சூட்டில் சிதைந்து, சிவப்பு போய்க் கரும்பழுப்பு வருகிறது. இறைச்சியை வேகவைக்கும்போது சிவப்பு மாறுவதும் இதே மாதிரியான வேதியியல்தான். அதோடு, இரத்தப் புரதங்கள் 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டும்போது இறுகத் தொடங்குகின்றன. மெல்லக் கிளறிக்கொண்டே சேர்த்தால் அந்த இறுக்கம் சூப் முழுவதும் பரவி, மாவு எதுவும் கரைக்காமலேயே அதற்கு ஒரு கெட்டித்தன்மை கிடைக்கிறது. கிளறாமல் கொட்டினால் திரிதிரியாகத் திரண்டு மிதக்கும். நல்ல கடையையும் சுமாரான கடையையும் பிரித்துப் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது: சூப் நூடுல்ஸின் மேல் மெல்லிய படலமாக ஒட்டுகிறதா, அல்லது அடியில் துகள் துகளாகத் தங்குகிறதா என்று பாருங்கள்.

சுவையில் இரத்தம் என்ன செய்கிறது? முதன்முறை சாப்பிடுகிறவர்கள் எதிர்பார்க்கும் கவுச்சி பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்குக் காரணம் கீழே கிடக்கும் எலும்புச் சாறு. எலும்போடு பேரரத்தை, பூண்டு, கொத்தமல்லி வேர், வெள்ளை மிளகு, எலுமிச்சைப்புல், பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் சேர்ந்து பல மணி நேரம் சிறுதீயில் கிடக்கும். கொத்தமல்லி வேரைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாம் கட்டிலிருந்து நறுக்கி எறியும் அந்த வேர்தான் தாய்லாந்துச் சமையலின் அடித்தளங்களில் ஒன்று. பூண்டும் மிளகும் சேர்த்து அதை இடித்தால் வரும் மணம் இலையில் வராது. சோயா சாஸ் இரண்டு வகை சேரும், ஒன்று உப்புக்கு, ஒன்று நிறத்துக்கு. கற்கண்டோ வெல்லமோ கொஞ்சம். புளிக்கவைத்த சோயாக் கட்டி சேர்ப்பவர்களும் உண்டு. அது சூப்புக்கு ஓர் ஆழமான உப்புச் சுவை தரும். இரத்தம் இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. அது இல்லாமல் அதே சூப்பைக் குடித்தால் பட்டை தனி, சோயா தனி, பூண்டு தனி என்று நாக்கில் பிரிந்து நிற்கும்.

கிண்ணத்துக்குள் வருவது

நூடுல்ஸை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சென் லெக் என்பது மெல்லிய பட்டை வடிவ நூடுல்ஸ். பெரும்பாலானோர் கேட்பது இதைத்தான், புதியவர்களுக்கும் இதையே சொல்வேன். சென் யாய் அகலமான பட்டை, வழவழப்பாக இருக்கும். சென் மீ இடியாப்ப இழை போல மெல்லியது. சூப்பை ஒரேயடியாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். இவை மூன்றும் அரிசி. பாமீ என்பது கோதுமையும் முட்டையும் சேர்ந்த மஞ்சள் நூடுல்ஸ். வுன் சென் பாசிப்பயற்று மாவில் செய்த, கண்ணாடி போலத் தெரியும் இழை.

கடைக்காரர் ஒரு நீண்ட கைப்பிடி கொண்ட சல்லடைக் கூடையில் நூடுல்ஸைப் போட்டு வெந்நீரில் முக்கி, சில நொடிகளில் எடுத்து உதறுவார். வள்ளைக்கீரையும் முளைப்பயறும் அதே வழி. கிண்ணத்தின் அடியில் மீன் சாஸ், சர்க்கரை, மிளகாய்த்தூள், காடி, பூண்டு எண்ணெய் ஏற்கெனவே காத்திருக்கும். நூடுல்ஸ் விழும், மெல்லிய இறைச்சித் துண்டுகள் விழும், ஈரல் ஒன்றிரண்டு, இறைச்சி உருண்டை ஒன்று. மேலே கறுப்பு சூப். கடைசியாகப் பொரித்த பூண்டும் பன்றிக் கொழுப்புப் பொரியலும். இதெல்லாம் நடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. வேலை அனைத்தும் விடியற்காலையில் பானையில் முடிந்துவிட்டது. கடையில் நாம் பார்ப்பது கை வேகம் மட்டும்.

அந்த உருண்டைக்கு லுக் சின் என்று பெயர். கடித்தால் பந்து போலத் துள்ளும். இறைச்சியை உப்போடு சேர்த்துக் குளிர்ச்சி குறையாமல் நெடுநேரம் அடித்து அரைப்பதால் புரத இழைகள் பின்னிக்கொண்டு அந்தத் துள்ளல் வருகிறது. மாவு நிறைய கலந்த உருண்டை துள்ளாது, மசியும்.

மேசையில் தாய்த் துளசியும் பச்சை முளைப்பயறும் தட்டில் இருக்கும், எடுத்துக் கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் பொட்டலமாக இருப்பது கேப் மூ, அதாவது பொரித்த பன்றித் தோல். அதற்குத் தனிக் காசு. நாலு சின்னக் கிண்ணங்கள் கொண்ட தாங்கி ஒன்றும் இருக்கும்: சர்க்கரை, மீன் சாஸ், வறுத்த மிளகாய்த்தூள், காடியில் ஊறிய மிளகாய். தாய்லாந்தின் எல்லா நூடுல்ஸ் கடைகளிலும் இந்த நால்வர் அணி உண்டு. நூடுல்ஸில் சர்க்கரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். காரத்தையும் புளிப்பையும் அது தணித்து இணைக்கிறது. மற்ற நூடுல்ஸ்களுக்கு நாலையும் போடுவது வழக்கம்தான். படகு நூடுல்ஸ் மட்டும் கடையிலேயே கலந்து வருவதால், முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத் தாங்கியைத் தொடுவது நல்லது. முதல் கிண்ணத்தை அப்படியே சாப்பிட்டு, இரண்டாவதில் மிளகாய், மூன்றாவதில் காடி என்று போவதற்குச் சின்னக் கிண்ணம் தரும் வசதி வேறெந்த நூடுல்ஸுக்கும் இல்லை.

கேட்கும் முறை எளிது. முதலில் நூடுல்ஸின் பெயர், பிறகு சூப்பின் வகை, பிறகு இறைச்சி. "சென் லெக் நாம்தோக் மூ" என்றால் மெல்லிய பட்டை, இரத்த சூப், பன்றி. மாட்டிறைச்சிக்கு 'நுவா'. சூப் வேண்டாம், பிரட்டியது போதும் என்றால் 'ஹேங்'. பன்றி, மாடு என்று இரண்டு வகையும் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தாய்லாந்துச் சீனர்களிடையே கருணைத் தெய்வமான குவான் இம்மை வழிபடுவோர் மாட்டிறைச்சியைத் தவிர்ப்பார்கள். மறுபுறம், முஸ்லிம்கள் நடத்தும் ஹலால் கடைகளில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கிடைக்கும், ஆனால் இரத்தம் இருக்காது; அங்கே கறுப்பு சோயாவும் மசாலாவும்தான் அந்த வேலையை இயன்றவரை செய்கின்றன.

ஓர் எச்சரிக்கை. பன்றியின் பச்சை இரத்தத்திலும் பச்சை இறைச்சியிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். அது மூளை உறைக் காய்ச்சலையும், சிலருக்கு நிரந்தரக் காது கேளாமையையும் தரும். தாய்லாந்தின் வட பகுதியில் பச்சை இரத்தத்தில் செய்யும் சில உணவுகளால் இது அவ்வப்போது பரவுகிறது. படகு நூடுல்ஸில் இரத்தம் கொதிக்கும் சூப்பில் வெந்துதான் வர வேண்டும். சூப் சிவப்பாக இருந்தாலோ, வெதுவெதுப்பாக இருந்தாலோ சாப்பிடாதீர்கள். கொதிப்பில் வந்த கரும்பழுப்பு சூப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

வீட்டில் செய்து பார்க்கலாமா? பார்க்கலாம். ஒரு கிலோ எலும்புக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு அங்குலப் பட்டை, மூன்று அன்னாசிப்பூ, நாலைந்து கொத்தமல்லி வேர், ஒரு முழுப் பூண்டு, நாலு வில்லை பேரரத்தை. குறைந்தது இரண்டு மணி நேரம் சிறுதீ. சோயா, மீன் சாஸ், கொஞ்சம் வெல்லம். நம்பகமான இரத்தம் கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள். சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கும் வேலை மட்டும் வேண்டாம். சூப் கொழகொழப்பாகும், சுவை கூடாது. இரத்தமில்லாத தெளிந்த சூப்பும் தாய்லாந்துக் கடைகளில் விற்பதுதான், அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

படகிலிருந்தே வாங்கிச் சாப்பிட விரும்புகிறவர்கள் ராட்சபுரி மாகாணத்தின் தம்னூன் சதுவாக், பாங்காக்குக்குள்ளேயே இருக்கும் தாலிங் சான் போன்ற மிதக்கும் சந்தைகளுக்குப் போகலாம். காட்சி அழகு. சுவைக்காக மட்டும் என்றால் நான் ரங்சித்தையோ வெற்றி நினைவுச்சின்னக் கால்வாய்க் கரையையோதான் சொல்வேன். அங்கே சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். சூப் நீர்த்துப்போனால் மறுநாள் வர மாட்டார்கள்.

சைவர்களுக்கு இந்தக் கடைகளில் வழியில்லை. இரத்தம் வேண்டாம் என்று சொன்னாலும் சாறு எலும்பு, உப்பு மீன் சாஸ், எண்ணெய் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' (சைவ உணவு) கொடி தொங்கும் கடைகளைத் தேடிப் போங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அதாவது செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் வாக்கில், நடக்கும் சைவத் திருவிழாவின்போது அந்தக் கொடிகள் தெருவுக்குத் தெரு முளைக்கும். காளானும் சோயாக் கட்டியும் போட்ட நூடுல்ஸ் சூப் அப்போது எங்கும் கிடைக்கும். பூண்டும் வெங்காயமும் அதில் இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.